நின்றுபோன வண்டிக்கு நியாய விலை

மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசுவதை ஈரோட்டுப் பக்கம் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். வாங்குபவரும் தரகரும் கையைச் சேர்த்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எந்த விரலை எத்தனை முறை பிடித்தால் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். ஒட்டி நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. சிறுவயதில் அது எனக்கு வித்தை காட்டுவது போலிருந்தது. அந்தத் துண்டுக்கு அடியில் ஒரு பெண்ணின் கை போனதை நான் பார்த்ததே இல்லை என்பது மிகவும் பிந்தித்தான் உறைத்தது. தீனி போட்டவள், சாணி அள்ளியவள், ராத்திரி முழுக்க விழித்திருந்து கன்று ஈனுவதைப் பார்த்தவள் வீட்டில் இருப்பாள். விலை வேறு கைகளுக்கு நடுவே முடிந்து, பணமாக வீடு வந்து சேரும்.

மாட்டை விடுங்கள். நான் எழுத வந்தது ஒரு காரைப் பற்றி. வெகுகாலம் ஓடாமல் நின்ற ஒரு பழைய காருக்கு நியாயமான விலை எது, அதை யார் சொல்ல வேண்டும், வாங்க வருகிறவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதைப் பற்றி. கேள்வி சிறியதாகத் தெரியலாம். ஆனால் பெண்கள் பெரிய பொருளை விற்கும் சந்தர்ப்பங்கள் நம் வீடுகளில் மிகக் குறைவு. நகையை அடகு வைப்பார்கள். விற்பதற்குக் கணவர் போவார். நிலம் விற்றால் கைநாட்டோ கையெழுத்தோ வைப்பார்கள். ஒரு பொருளைக் காட்டி, இதற்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு பெண் தானே வாய் திறந்து சொல்லும் நேரம் பெரும்பாலும் கணவர் போன பிறகு, அவர் விட்டுப்போனதை ஒழிக்கும்போதுதான் வருகிறது. அதாவது, பேரத்தில் பழக்கமே இல்லாத ஒருத்தி, துக்கமும் பணத் தேவையும் சேர்ந்திருக்கும் வேளையில், அதையே தொழிலாகக் கொண்டவர் எதிரில் உட்காருகிறாள்.

எங்கள் தெருவில் இருக்கும் அக்காவுக்கு 2023இல் அறுபத்தெட்டு வயது. அவர் வீட்டு ஷெட்டில் 1984ஆம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி ஒன்று நின்றது. பம்பாய் குர்லாவில் செய்த வண்டி, ஃபியட் 1100 என்ற இத்தாலிய வண்டியின் வழியில் வந்தது, 1089 சி.சி. எஞ்சின், கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். அந்தக் காலத்தில் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் வண்டி கைக்கு வரும். அவர் கணவர் அப்படிக் காத்திருந்து வாங்கியது. முறை வந்து மீதிப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அக்காவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. மீட்கப்படவே இல்லை. 2006இல் கணவர் இறந்தார். வண்டி அன்றிலிருந்து ஷெட்டில்.

ஏன் அப்போதே விற்கவில்லை? "ஆள் போனதும் வண்டிய வித்துப்போட்டாள்னு பேசுவாங்க கண்ணு" என்றார் அக்கா. இரண்டு வருஷம் கழித்து விற்கலாம் என்றபோது மகன் சம்மதிக்கவில்லை. அப்பா வண்டி, இருக்கட்டும் என்றான். அவனோ ஓசூரில் இருக்கிறான், வேறு கார் வைத்திருக்கிறான். அப்பாவின் ஞாபகத்தை மகன் பாதுகாக்க, அதற்கான இடத்தை அம்மா கொடுத்தார். அந்த ஷெட்டை வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் ஏதோ வந்திருக்கும். ஒரு தையல்காரப் பெண் கேட்கவும் செய்தார். ஞாபகத்தைப் பராமரிக்கும் செலவு எப்போதும் வீட்டிலிருக்கும் பெண்ணின் கணக்கில் எழுதப்படுகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத மையில்.

நின்ற வண்டி ஓடிய வண்டியைவிடச் சீக்கிரம் கெடும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் நாள்பட்டால் பிசினாகி கார்பரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்துவிடும். டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பிரேக் சிலிண்டர்கள் இறுகும், ரப்பர் குழாய்கள் வெடிக்கும், கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி உருமாறும். எலி ஒயரைக் கடிக்கும், சீட்டில் குட்டி போடும். கதவின் அடிப்பக்கமும் கால் வைக்கும் தரையும் துருப்பிடித்து உதிரும். எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் எஞ்சின். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் காய்ந்து, பிஸ்டன் வளையங்கள் துருவில் பிடித்துக்கொண்டால் எஞ்சின் சுற்றவே சுற்றாது. 'ஜாம்' ஆகிவிட்டது என்பார்கள். அப்புறம் முழுதாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும்.

அக்காவின் வண்டியில் மேலே சொன்னவற்றில் பாதி நடந்திருந்தது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. அது தற்செயல் அல்ல. கணவர் காலத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் தொழிலை விட்டுவிட்டுத் திருப்பூர் போகும்போது அக்காவுக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்: மாதம் ஒருமுறை நான்கு பிளக்கையும் கழற்று, துளைக்கு ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விடு, ஃபேனையும் பெல்ட்டையும் பிடித்துக் கையால் நாலு சுற்றுச் சுற்று, பிளக்கை மாட்டு. அக்கா அதைப் பதினேழு வருஷம் செய்திருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை. நாள் மறக்காமலிருக்க அதுதான் வசதி. அச்சைச் செங்கல் அடுக்கில் ஏற்றி டயரைத் தரையில் படாமல் வைத்ததும் அவர்தான். வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தும் யாரும் அதை ஒரு காரியமாக நினைக்கவில்லை. "அம்மா எதையாவது தொடச்சிட்டு இருப்பாங்க" என்பதோடு சரி.

முதலில் வந்தவர் பழைய இரும்புக் கடைக்காரர். வண்டியின் எடை சுமார் 900 கிலோ என்று கணக்குப் போட்டு, இருபதாயிரம் தருகிறேன், நாளைக்கே கிரேன் வரும் என்றார். மகன் தொலைபேசியில் கொடுத்துவிடச் சொன்னான். ஞாபகத்துக்குப் பதினேழு வருஷம் பொறுத்தவனுக்கு, முடிவென்று வந்ததும் ஒரு நாள் பொறுக்கவில்லை. இரண்டாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பித்து விற்பவர். கெட்ட மனிதர் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அக்கா கொடுத்த காபியைக் குடித்து, வண்டியைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பானெட்டைத் திறந்தார். பிளக் ஒன்றைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தார். நாலு பிளக்கையும் எடுத்தார். ஃபேனைப் பிடித்து மெல்லத் தள்ளினார். அது சுற்றியது. நான் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிளக்கை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் இருக்கும் துருவைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். பிறகு, "முப்பத்தஞ்சு தர்றேங்கக்கா. இரும்புக்குப் போகாம ஒரு வண்டி பிழைக்குதுன்னு நெனச்சுக்குங்க" என்றார்.

பொய் சொன்னாரா? இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தரை துருதான். சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

இந்தச் சும்மா இருத்தல் பழைய சிக்கல். கிமு 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு தானிய வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்ந்தவன் அவன். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் அறிஞர்கள் இருவர் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் டயோஜனிஸ். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், மனிதர்களுக்குள் இருக்கும் உறவே எல்லாவற்றையும் சொல்லக் கடமைப்படுத்துகிறது என்கிறார். சிசரோ, தன் லாபத்துக்காக அடுத்தவர் அறியாமலிருக்க வேண்டும் என்று விரும்பி வாய்மூடினால் அது மறைப்பதுதான் என்று முடிக்கிறார்.

நம் ஊர்ச் சட்டம் டயோஜனிஸ் கட்சி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறுமனே பேசாமலிருப்பது மோசடி ஆகாது என்கிறது. சட்டக் கல்லூரி மாணவிகள் அந்தப் பிரிவின் உதாரணங்களை மனப்பாடம் செய்வார்கள். நின்று வாசித்திருக்கிறார்களா என்று தெரியாது. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார், நோயைப் பற்றிப் பேசவில்லை: மோசடி இல்லை. அடுத்த உதாரணத்தில் வாங்குபவள் அவருடைய மகள், அப்போதுதான் வயதுக்கு வந்தவள், அதாவது சட்டப்படி மேஜரானவள்: இப்போது அந்த உறவின் காரணமாகவே அவர் சொல்லக் கடமைப்பட்டவர். 1872இல் சட்டம் எழுதியவர்களுக்கு, ஏமாறாமல் காக்கப்பட வேண்டியவள் என்றதும் மகள் ஞாபகம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் காக்கும் கடமை பிறப்பது அவள் மகள் என்பதால். யாருக்கும் மகளாகவோ மனைவியாகவோ இல்லாமல், வெறும் விற்பவளாக நிற்கும் பெண்ணுக்கு அந்தக் குடைக்கு அடியில் இடம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. குதிரையின் குறை தெரிந்தவர் இந்த உதாரணங்களில் விற்பவர்தான். பொருளாதாரத்திலும் அப்படியே. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் நோபல் பரிசு பெற்றார். பழைய காரில் என்ன கோளாறு என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை சொல்வார், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்பது அதன் சாரம். கல்லூரியில் படித்தபோது எனக்கு இது மிகச் சரி என்று பட்டது. அக்கா வீட்டு ஷெட்டில் அது தலைகீழாக நின்றது. வண்டி அவருடையது. பதினேழு வருஷம் தொட்டுப் பார்த்ததும் அவர். ஆனால் தான் செய்தது பணமாகும் ஒரு விஷயம் என்று அவருக்குத் தெரியாது. வந்தவர் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டார். விற்பவருக்கே எல்லாம் தெரியும் என்ற கோட்பாடு, விற்பவர் வண்டியை ஓட்டியவர் என்று எடுத்துக்கொள்கிறது. துடைத்தவரை அதில் காணோம்.

நான் கேட்டேன்: "எஞ்சின் சுத்துதுங்களே, பாத்தீங்கல்ல?"

அவர் கொஞ்சம் தாமதித்து, "சுத்துது டீச்சர்" என்றார்.

அந்தத் தாமதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேள்வி கேட்கும்வரை அவர் மௌனம் வெறும் மௌனம். கேட்டதும், இல்லை என்றால் பொய். வாய்மூடினால் அதுவும் பேச்சாகிவிடும். (அதே 17ஆம் பிரிவில் இதற்கும் குதிரை உதாரணம் உண்டு: நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன் என்று ஒருவர் சொல்லி, மற்றவர் பேசாமலிருந்தால், அந்த மௌனம் பேசியதற்குச் சமம்.) அப்படியென்றால், எதிராளியின் நேர்மை முழுக்க நாம் என்ன கேட்கிறோம் என்பதில் தொங்குகிறது. என்ன கேட்பது என்று தெரிந்தவருக்கு உண்மை கிடைக்கும். தெரியாதவருக்கு மௌனம் கிடைக்கும். எதைக் கேட்கலாம் என்ற அறிவு நம் வீடுகளில் யாரிடம் கொடுத்து வைக்கப்பட்டிருக்கிறது? பையன் பத்து வயதில் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கற்றுக்கொள்கிறான். அங்கே நிற்கும் பெண் குழந்தையை "வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்கிறோம். எனக்கு அன்று கேட்கத் தெரிந்ததற்குக் காரணம் கூர்மை எதுவும் இல்லை. முந்தின அமாவாசைக்கு அக்கா ஃபேனைச் சுற்றும்போது நான் டார்ச் பிடித்தேன்.

கேள்வி தெரிந்தாலும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயன் அய்ரெஸ், பீட்டர் சீகல்மன் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பகுதிப் புதிய கார் விற்பனைக் கடைகளுக்கு ஆண்களையும் பெண்களையும், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் அனுப்பினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள். 300க்கும் மேற்பட்ட பேரங்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிட மற்றவர்களுக்குச் சொன்ன விலை கூடுதல். கறுப்பினத்தவருக்கு அந்த வித்தியாசம் மிகப் பெரிது. கேள்வி ஒன்றேயானாலும் கேட்கும் முகத்தைப் பார்த்து விலை மாறுகிறது. அக்கா இடத்தில் அவர் மகன் நின்றிருந்தால் முப்பத்தைந்தில் ஆரம்பித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்தில் ஆரம்பித்திருப்பார் என்று ஊகிக்கிறேன்.

வாங்க வந்தவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அதில்லாமல் இது வெறும் புகார். முப்பது வருஷமாகக் கையில் கிரீஸோடு கற்றது அவர் அறிவு. பார்த்ததை எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் படிப்புக்கு என்ன பலன்? ஆண்டனி க்ரான்மன் என்ற சட்ட அறிஞர் 1978இல் ஏறக்குறைய இந்த வாதத்தைத்தான் வைத்தார்: உழைத்துத் தேடிய தகவலை வைத்திருப்பவருக்கு அதைச் சொல்லாமலிருக்க உரிமை கொடுக்காவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். இதில் பாதி எனக்கு உடன்பாடு. எந்த ஊரில் இந்த வண்டிக்கு ஆள் இருக்கிறார், எவ்வளவு தருவார், பத்மினி கண்ணாடி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவர் அறிவு. அதை அவர் அக்காவிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காவின் எஞ்சின் சுற்றுகிறது என்ற தகவல் அவர் தேடி உண்டாக்கியது அல்ல. மாதம் நாலு ஸ்பூன் எண்ணெய் உண்டாக்கியது. அவர் செய்ததெல்லாம் கையை வைத்ததுதான். ஒருத்தி உழைப்பால் உண்டான நல்ல நிலையை அவளிடமே மறைத்து, கெட்ட நிலைக்குரிய விலைக்கு வாங்குவதை அறிவுக்குக் கிடைத்த கூலி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, விலைக்கு வருவோம். அன்று மாலை அக்கா வீட்டுத் திண்ணையில், அவர் பேத்தியின் நோட்டில் கணக்குப் போட்டோம். நாங்கள் விசாரித்தவரை, நன்றாகச் சரிசெய்து ஓடும் நிலையில் இருக்கும் பத்மினிக்கு இரண்டேகால் லட்சம் வரை கிடைக்கும். பிரேக், கிளட்ச், டேங்க், கார்பரேட்டர், ஐந்து டயர், பேட்டரி, ஒயரிங், சீட்டு, தகர வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று வைத்தோம். பதிவு 2009இலேயே காலாவதி. பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்துவிட்டது. தாமதத்துக்கு மாதக் கணக்கில் அபராதம், பசுமை வரி வேறு. வண்டிக்கு ஐம்பது வயது ஆகியிருந்தால் விண்டேஜ் என்று தனி வரிசையில் பதியலாம். இதற்கு வயது முப்பத்தொன்பது. பழமைக்கான மரியாதையும் இல்லை, புதுமைக்கான விலையும் இல்லாத நடுவயது. எல்லாம் கழித்தால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. வாங்குபவரின் உழைப்பு, அபாயம், லாபம் என்று இன்னும் கொஞ்சம் விட்டால் எண்பதிலிருந்து தொண்ணூறு. எஞ்சின் ஜாம் ஆன வண்டி என்றால் இதே கணக்கில் இன்னும் நாற்பது, ஐம்பது குறையும். அவர் சொன்ன முப்பத்தைந்து எந்த வண்டிக்கான விலை என்று இப்போது புரிந்தது.

நான் அக்காவிடம், உங்கள் பதினேழு வருஷத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். இருநூறு அமாவாசைக்கு மேல். ஒரு மெக்கானிக்கை வைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? அக்கா சிரித்தார். பிறகு சிரிக்காமல், "அதுக்குக் கூலி போட்டா நான் அந்த வண்டிக்கு வேலைக்காரி ஆயிருவேன் கண்ணு. நான் என் மனசுக்குப் பண்ணுனேன்" என்றார்.

பெண்ணியம் படித்தவர்களுக்கு இந்த வாக்கியம் சங்கடம் தரும். வீட்டு வேலையைக் கணக்கில் எடுக்காத பொருளாதாரத்தை மர்லின் வேரிங் 1988இலேயே தோலுரித்தார். மனசுக்குச் செய்தேன் என்ற பேச்சைக் காட்டித்தானே நம் உழைப்பை இத்தனை காலம் இலவசமாக எடுத்துக்கொண்டார்கள்? மறுபக்கம், எதற்கெல்லாம் விலை போட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதுதானே. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆயர் பெண் ஒருத்தி வருகிறாள். மோருக்கு நெல் வாங்கிக்கொள்வாள். நெய்க்குப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி எருமையும் பசுவும் கேட்டு வாங்குவாள். எதற்கு எது ஈடு என்பதை அவள் சொல்கிறாள், சந்தை சொல்லவில்லை. எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். (அதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் அதிகமாக வாங்கவும் மாட்டார்கள், குறைத்துக் கொடுக்கவும் மாட்டார்கள் என்று புகழ்ந்தார். அந்த ஊர் கடலுக்குள் போய்விட்டது என்பார்கள்.)

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. அது அக்காவுக்கும் ஏற்றதாக இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் அக்காவின் அமாவாசைகளுக்குக் கடன்பட்டவர் அல்ல. அவர் கேட்டு அது நடக்கவில்லை. ஆனால் அந்த அமாவாசைகளின் விளைவாக இருக்கும் ஓர் உயிருள்ள எஞ்சினை அவர் எடுத்துப்போகிறார். அதற்கு முழு விலை தர வேண்டும். உழைப்புக்குக் கூலி வேறு, உழைப்பால் வந்த நிலைக்கு விலை வேறு. முதலாவதை அக்கா வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டாவதை அவர் பேசாமலிருக்கிறார் என்பதற்காக எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. பாசத்துக்கு விலை கேட்கலாமா என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் சொன்னது நினைவுக்கு வருகிறது: பொருளை இழப்பதால் விற்பவருக்கு நஷ்டம் உண்டென்றால் அதையும் விலையில் சேர்க்கலாம், வாங்குபவரின் அவசரத்தைக் காட்டி விலையை ஏற்றக் கூடாது, ஏனென்றால் அந்த அவசரம் விற்பவரின் சொத்து அல்ல. இதை அப்படியே திருப்பிப் போட்டால், விற்பவளின் அவசரமும் வாங்குபவரின் சொத்து அல்ல. தனியாக இருக்கிறார், மகன் இரும்புக்குப் போடச் சொல்கிறான் என்பதெல்லாம் அந்த வண்டியின் குறைகள் இல்லையே, விலையில் கழிப்பதற்கு?

ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும் ஒரு குதிரை நிற்கிறது. ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அவர் மனமுவந்து சம்மதித்திருந்தால் ஒப்பந்தம் செல்லும். சம்மதம் உண்மையானதா என்று சந்தேகம் வந்தால், விலை இவ்வளவு குறைவாக இருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். ரோமானியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது: நிலத்தைப் பாதி விலைக்கும் கீழே விற்றவர் அதைத் திரும்பக் கேட்கலாம், இல்லையென்றால் வாங்கியவர் குறையை இட்டு நிரப்ப வேண்டும். அடிமாட்டு விலை என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அங்கே ஒரு எல்லைக்கோடு இருந்திருக்கிறது.

மறுநாள் அவர் வந்தபோது அக்கா நோட்டைக் காட்டினார். ஒளித்து வைத்துப் பேசவில்லை. எல்லா எண்ணும் அதில் இருந்தது, அவருக்கு விட்ட லாபம் உட்பட. மனிதர் வெகு நேரம் படித்தார். டயருக்கு நாங்கள் போட்டது குறைவு என்றார். அது உண்மைதான், திருத்தினோம். தகர வேலைக்குப் போட்டதில் கொஞ்சம் கூட இருக்கிறது என்று அவரே சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. கணக்கு வெளிச்சத்தில் இருந்ததால் அவருக்கும் நேர்மையாக இருப்பது சுலபமாகிவிட்டதோ என்னவோ. எண்பத்தைந்தாயிரத்தில் முடிந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பதிவு மாற்றும் படிவங்கள், அதற்கான அலைச்சலும் செலவும் அவர் பொறுப்பு என்று எழுதி வாங்கினோம். வண்டி செத்துப்போனவர் பெயரிலேயே வருஷக்கணக்கில் திரியக் கூடாது. ஏதாவது விபத்து என்றால் வீடு தேடி வரும்.

அத்தோடு நியாயம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் ஒரு நியாயம் என்றால், விற்கிறவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதில் இன்னொன்று. வண்டி கணவர் பெயரில் இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியம் மனைவி, மகன், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. அவர் தாயார் முன்பே காலமாகிவிட்டார். ஆக, அக்கா, ஒரு மகன், இரண்டு மகள்கள், நாலு பங்கு. ஆனால் முதலில் அந்த ஐந்து பவுன் இருக்கிறது. சீதனம் மனைவிக்கே சொந்தம், கணவர் அதை வைத்திருந்தால் ஒப்படைக்கப்பட்டவராகத்தான் வைத்திருக்கிறார் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அக்காவின் அடகு நோட்டு எந்த நீதிமன்றத்துக்கும் போகப்போவதில்லை. 2023 விலைக்கு ஐந்து பவுன் இரண்டு லட்சத்தைத் தாண்டும். சங்கிலி சங்கிலியாகவே இருந்திருந்தால் அது வாங்கிக்கொடுத்த வண்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கும். முழுப் பணமும் உங்களுடையது என்பதுதான் என் கட்சி. அக்கா கேட்கவில்லை. "அவரும் நானும் அதுல கோயிலுக்குப் போனோம், பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல விட்டோம். சங்கிலி தேஞ்சு போச்சுன்னு வெச்சுக்க" என்றார். நாலாகப் பிரி என்று சொல்லிவிட்டார்.

பங்குக்கு 21,250 ரூபாய். பெரிய மகள், "எனக்கு எதுக்குங்மா, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். சின்னவள் அப்படிச் சொல்லவில்லை. "என் பங்கு எனக்கு வேணும்" என்று சொல்லி, ஜிபேயில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். வயசான அம்மாகிட்டப் போயி இருபதாயிரத்துக்குக் கணக்குப் பாக்கறா பாரு என்று சொந்தக்காரர்கள் ஒரு மாதம் பேசினார்கள். அவளுடைய அத்தை இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார். மகனும் 21,250 வாங்கிக்கொண்டான். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.